ஞாயிற்றுக்கிழமை சேறு!

சென்னையில் கல்யாணமாகாத பையன்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மேன்ஷன் ரூமில், தலைக்கு மேலே ஈர பனியன் சொட்டச் சொட்டத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்களுக்குக் கிடைத்தது. அதுவும் அடையாறு கழிமுகத்துப் பக்கம், மூன்றாவது மாடி, கடல் காற்று இலவசம்! நாங்கள் மூன்று பேர். நான், ஒரு தனியார் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவு. இரண்டாமவன் மதுரைக்காரன். மூன்றாமவன் குண்டன். (அவனே அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான். கோபித்துக்கொள்ள மாட்டான்.)

2023 ஜனவரியில் ஒரு ராத்திரி. டி.வி.யில் ஏதோ ஒரு பழைய மேட்ச். முடிவு தெரிந்த மேட்ச்தான். இருந்தாலும் ஜெயித்ததும் குதித்தோம். மணி பன்னிரண்டு. கீழ் வீட்டில் அசோஸியேஷன் செகரெட்டரி. அவர் வீட்டில் பிறந்து நாற்பது நாளான பேரன். அவன் எழுந்து ஊரைக் கூட்டினான். அவன் தாத்தா எழுந்து எங்களைக் கூட்டினார்.

"ரெண்டே ரெண்டு வழி. ஓனருக்கு போன் பண்ணிக் காலி பண்ணச் சொல்றேன். இல்லேன்னா ஆறு மாசம், ஞாயித்துக்கிழமை தவறாம, காலைல ஆறு மணிக்கு நம்ம பார்க்ல வேலை பார்க்கணும். எது வேணும்?"

"ஆறு மாசமா ஸார்?" என்று இழுத்தான் மதுரைக்காரன்.

"ஏன், ஒரு வருஷம் வேணுமா?"

கோர்ட்டிலாவது அப்பீல் உண்டு.

ஆணி பிடுங்கிய கதை

பார்க் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். மொத்தம் நாலு கிரவுண்டு. இரண்டு ஊஞ்சல், அதில் ஒன்றுக்குச் சங்கிலி கிடையாது. உபயதாரர் பெயர் அழிந்துபோன சிமெண்ட் பெஞ்சு ஒன்று. ஒரு வேப்பமரம், இரண்டு பூவரசு. அதற்குப் பின்னால் ஓட்டை விழுந்த கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சரிவு, புதர், சேறு, அப்புறம் தண்ணீர்.

அந்தத் தண்ணீர்தான் அடையாறு க்ரீக். ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வடக்கே ஒரு கை நீட்டி, க்விபிள் தீவைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறதே, அதேதான். பஸ்ஸில் போகும்போது நாம் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம்.

முதல் ஞாயிறு எனக்கு உற்சாகம் அதிகம். கொசுத் தொல்லைக்குக் காரணம் இந்தப் புதர்தான் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். ஓர் அரிவாளைக் கடன் வாங்கிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தேன். சேற்றில் பென்சில் பென்சிலாக நூற்றுக்கணக்கான குச்சிகள் நட்டுக்கொண்டு நின்றன. யாரோ வெட்டிப்போட்ட செடிகளின் மிச்சம் போலிருக்கிறது, கால் குத்தும், பிடுங்கிவிடலாம் என்று குனிந்து நாலைந்து பிடுங்கியிருப்பேன்.

"யோவ்! அத்த இன்னாத்துக்குப் புடுங்குறே? உன் மூக்கப் புடுங்குனா ஒத்துக்குவியா?"

வாட்ச்மேன் தாத்தா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முகத்துவாரத்துப் பக்கத்துக் குப்பத்துக்காரர். கட்டுமரம் போன காலம் போய், கண் மங்கியபின் இந்தப் பார்க்குக்குக் காவலுக்கு வந்தவர். சம்பளம் சொற்பம். அதிகாரமோ கலெக்டருக்குச் சமம்.

"மூக்கா? இது வெறும் குச்சி தாத்தா!"

"மூக்குதான் தம்பி. அதுங்க வழியாதான் மரம் மூச்சு வுடுது. மேல டீச்சரம்மா கீது. நம்பிக்க இல்லேன்னா போய்க் கேளு."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மாடியில் குடியிருந்த, கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்து ரிடையரான மேடம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் தலையில் தொப்பியுமாக அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்த 'மூக்கு'களைப் பார்த்தார். கொலைகாரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அப்புறம் ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார்.

"நாக்கை நீட்டு. நக்கிப் பாரு."

கல்லூரி ராகிங்குக்கு அப்புறம் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. நக்கினேன்.

உப்பு! சாம்பாரில் இரண்டு தடவை போட்டுவிட்ட மாதிரி உப்பு!

கழியும் கழிவும்

"இது வெண்கண்டல். அலையாத்தி மரத்துல ஒரு வகை. வேர் வழியா உப்புத்தண்ணியைக் குடிக்கும். நிறைய உப்பை வேர்லயே தடுத்துடும், மீறி உள்ளே வர்றதை இலை வழியா வெளியே தள்ளிடும். வெயில்ல பார்த்தா இலைமேல உப்புத்தூள் மின்னும்" என்றார் மேடம்.

குச்சிகளின் ரகசியத்தையும் அவர்தான் சொன்னார். இந்தச் சேற்றில் ஒரு விரற்கடைக்குக் கீழே போனாலே பிராணவாயு கிடையாது. சாதாரண மரத்தின் வேர் அங்கே திணறிச் செத்துவிடும். அதனால் கண்டல் மரம் என்ன செய்கிறது? பூமிக்குள் போக வேண்டிய வேரில் ஒரு பகுதியை மேலே ஆகாயம் பார்க்க அனுப்புகிறது. தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் அவை காற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வளர்ந்த ஒரு மரத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் இருக்கும். நான் நாலைந்தைத்தான் பிடுங்கியிருந்தேன் என்பதால் மன்னிப்புக் கிடைத்தது.

அந்த அழுகின முட்டை நாற்றத்துக்கும் விளக்கம் கிடைத்தது. பிராணவாயு இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை வைத்துக் காலம் தள்ளும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகின்றன. சுத்தமான கழியிலும் லேசாக இந்த வாடை இருக்கும். ஊர்ச் சாக்கடையெல்லாம் சேரும்போதுதான் மூக்கைப் பொத்த வேண்டியதாகிறது.

"கழிவுன்னா எல்லாருக்கும் தெரியுது. கழின்னா ஒருத்தருக்கும் தெரியல" என்றார் மேடம். "உப்பங்கழி, கழிமுகம்னு சங்கப் பாட்டுல நெய்தல் திணை முழுக்க இந்த இடம்தான். கண்டல், தாழை, புன்னைன்னு மரங்களும் அதுலயே இருக்கு. காதலனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற பொண்ணு இந்த மாதிரி ஒரு கரையிலதான் நின்னிருப்பா."

மதுரைக்காரன் அந்தக் கரையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். இரண்டு உடைந்த பக்கெட்டும் ஒரு பழைய தலையணையும் மிதந்தன.

அடையாறு ஒன்றும் கங்கை அல்ல. சென்னைக்கு மேற்கே ஏரிகளின் உபரி நீரில் புறப்பட்டு, நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிக் கடலைத் தொடும் சின்ன ஆறு. மழைக்காலத்தில்தான் நல்ல தண்ணீர் வரும். மற்ற நாட்களில் அதில் ஓடுவது நம் வீட்டு பாத்ரூம் தண்ணீர். ஆனால் 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, இதே சின்ன ஆறு சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் என்ன பாடு படுத்தியது என்று ஊருக்கே தெரியும்.

கை ஆட்டும் பிரம்மச்சாரிகள்

ஞாயிறுகள் ஓடின. வேலை என்ன தெரியுமா? அந்த மூச்சுவேர்களில் சுற்றிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக எடுப்பது. ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் தண்ணீர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகும். இறுக்கிச் சுற்றிக்கொண்டால் வேர் மூச்சு முட்டிவிடும். பால் கவர், ஷாம்பூ பாக்கெட், ஒருமுறை கல்யாணப் பத்திரிகை. (பெண் வீட்டார் திருநெல்வேலி. குண்டன் உட்கார்ந்து முழுக்கப் படித்தான்.)

இரண்டாவது வேலை, கரைமேல் முளைக்கும் சீமைக்கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே வேரோடு தோண்டுவது. வெட்டினால் போதாது. வெட்டின இடத்தில் நாலு கிளை விட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

மூன்றாவது, எதையும் செய்யாமல் இருப்பது! முதல் வாரம் நான் பெருமையாகப் பெருக்கி மூட்டை கட்டின கண்டல் இலைகளைத் தாத்தா திரும்பக் கொண்டுபோய்ச் சேற்றிலேயே கொட்டினார். உதிர்ந்த இலையை நண்டு தின்னும். மிச்சம் மக்கும். மக்கினதை இறால் குஞ்சு தின்னும். இறால் முட்டையிடுவது கடலில்தான். ஆனால் குஞ்சுகள் வளர்வதற்கு இப்படிப்பட்ட கழிக்குள் வந்துவிடும்.

"மடவ, கொடுவா, நண்டு, எறா... அல்லாத்துக்கும் இதான் தம்பி பால்வாடி. நா சின்னப் புள்ளயா சொல்லோ இங்க கைய வுட்டுத் தடவினாலே கொழம்புக்கு ஆவும்" என்றார் தாத்தா.

"இப்ப?"

"இப்ப கைய வுட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் ஆவும்."

இருந்தாலும் உயிர் முழுக்கப் போய்விடவில்லை. தண்ணீர் வடிந்த நேரத்தில் சும்மா பத்து நிமிஷம் அசையாமல் நின்றால் போதும். சேற்றில் பொட்டுப் பொட்டாக இருக்கும் வளைகளிலிருந்து பிடில் நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்புக்கே பொருந்தாத சைஸில் பெரிதாக இருக்கும். சாப்பிடுவதெல்லாம் சின்னக் கையால். பெரிய கை எதற்கு? ஆட்டுவதற்கு! வளை வாசலில் நின்றுகொண்டு, போகிற வருகிற பெண் நண்டைப் பார்த்து 'வா, வா' என்று மணிக்கணக்கில் ஆட்டிக்கொண்டே இருக்கும். பெண் நண்டு பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

எங்கள் மூன்று பேருக்கும் அந்த நண்டுகள்மேல் ஏற்பட்ட சகோதர பாசத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

சேற்றின்மேல் துடுப்பை ஊன்றித் தவ்வும் மீன், சிவந்த காலில் ஒயிலாக நடக்கும் நெடுங்கால் உள்ளான், வாயே கரண்டியாக இருக்கும் கரண்டிவாயன், மொட்டைக் கழியில் இறக்கை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும் நீர்க்காகம்... எல்லாம் எங்கள் ஆபீஸிலிருந்து அரை மணி தூரத்தில்! மார்ச் மாதம் வரை உள்ளான்களில் சில வகைகள் கூட்டமாக இருந்தன. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பனிக்குப் பயந்து வருகிறவை என்றார் மேடம். "அங்கேர்ந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, நம்ம சாக்கடைலயா எறங்கணும்?" என்று வருத்தப்பட்டான் மதுரைக்காரன். ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் அந்த வருத்தம் தெரியும்.

நடுவில் கொசு விஷயத்திலும் என் மானம் போனது. "கொசு வளர்றது அலை வந்து போற தண்ணில இல்லப்பா. தேங்கி நிக்கிற தண்ணிலதான். முட்டையிலேர்ந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்" என்று சொன்ன மேடம் எங்கள் பால்கனியை ஒருமுறை பார்வையிட்டார். குண்டன் போன தீபாவளிக்குச் சுவரடித்துவிட்டு மூலையில் போட்டிருந்த பெயின்ட் டப்பாவில் மழைத்தண்ணீர். அதில் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது ஒரு பட்டாளம். காலனிக்கே கொசு சப்ளை செய்த கம்பெனி எங்கள் கம்பெனிதான்!

நீரூற்று வருகிறது

மார்ச் கடைசியில் ஒரு சேதி. காலனியில் வசதியான ஒருவர் பார்க்கை 'அழகுபடுத்த' இரண்டு லட்ச ரூபாய் தருகிறாராம். பிளான் ரெடி. புதரையெல்லாம் வெட்டி, சரிவில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, கரையோரம் கான்க்ரீட் சுவர். நடுவில் கொரியன் புல். கலர் விளக்கு போட்ட நீரூற்று. அதில் உபயதாரர் பெயர், கறுப்பு கிரானைட்டில்.

செகரெட்டரி ஸார் நேரில் வந்து எங்களிடம் சொன்னார். "உங்களுக்கும் விடுதலைப்பா. இனிமே எல்லாம் கான்ட்ராக்ட். அவங்க ஆளே வருவான். காவலுக்கும் செக்யூரிட்டி ஏஜென்சி ஆளு."

அவர் போனதும் குண்டன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். மதுரைக்காரன் விசில் அடித்தான். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூக்கம் என்பது சாதாரண விஷயமா?

ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் பல்லில் மாட்டின நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. காவலுக்கு ஏஜென்சி ஆள். அப்படியானால் தாத்தா?

கேட்டேன். "தெரியும் தம்பி" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஒரு தொட்டியில் முளைவிட்டிருந்த சுரபுன்னைக் காய்களைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகு சேற்றில் விழுந்து நட்டுக்கொள்ளுமே, அந்தக் காய். "என்ன எங்கியாவது வெச்சிக்குவாங்க. இதுங்கள எங்க வெக்கிறது, அத்த சொல்லு" என்றார்.

அன்று ராத்திரி ரூமில் மூன்று பேரும் தூங்கவில்லை.

"நமக்கென்னடா? வாடகைக்கு இருக்கறவனுக்கு மீட்டிங்ல ஓட்டே கிடையாது. வாயைத் திறந்தா அந்த ஆளு கடுப்பாவாரு. இருக்கற வீடும் போகும்" என்றான் மதுரைக்காரன்.

நியாயமான பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் குண்டனின் குரல் மட்டும் கேட்டது. "அந்த நண்டுங்க எல்லாம் எங்கடா போகும்?"

பௌர்ணமி மீட்டிங்

மறுநாள் மேடத்திடம் போனோம். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். "நான் பேசினா பாடம் எடுக்கறேன்னு எழுந்து போயிடுவாங்க. தண்ணியையே பேச விடுவோம்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம். கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. தினமும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமிகளில் சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே நேர்கோட்டில் வருவதால் இழுப்பு கூடும், ஏற்றமும் கூடும். சென்னைக் கடலில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் சரிவான கரையில் ஒரு மீட்டர் உயரம் என்றால் தண்ணீர் எத்தனை தூரம் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெயில் காலத்தில் ஆற்றில் வேகம் இல்லாதபோது கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் மேடு போட்டு அடைத்துவிடும். அடைத்தால் கழிக்குள் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. வெறும் குட்டைதான். அந்த வருடம் ஏப்ரலில் இன்னும் வழி திறந்திருந்தது. தாத்தாதான் தினமும் குப்பத்துக்குப் போகும்போது பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

நான் செகரெட்டரி ஸாரிடம் போய்ப் பணிவாக, "மீட்டிங்கைப் பார்க்லயே வெச்சா எல்லாரும் இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் ஸார்" என்றேன். அவருக்கு ஐடியா பிடித்துவிட்டது. "நீரூற்று வர்ற எடத்துலயே சேர் போடச் சொல்லு. வ்யூ நல்லாருக்கும்!" என்றார். அதை நான் சொல்லவில்லை. சத்தியமாக அவரேதான் சொன்னார்.

தேதி? பங்குனிப் பௌர்ணமி. ஏப்ரல் 5. மயிலாப்பூரில் உற்சவம் முடிகிற சமயம், எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்று காரணம் சொன்னோம். நேரம்? தாத்தா குறித்துக் கொடுத்தது. மத்தியானம் அவர் கோலமாவு வாங்கிவரச் சொல்லி, வேலிக்கு இந்தப் பக்கமாக நீளத்துக்கு ஒரு கோடு போட்டார். "ராவைக்குத் தண்ணி இது வரிக்கும் வரும். ஒரு சாண் முன்ன பின்ன" என்றார். அவரிடம் கடிகாரம்கூடக் கிடையாது.

ராத்திரி. நிலா வெளிச்சம். முப்பது பிளாஸ்டிக் சேர். செகரெட்டரி ஸார் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிளானை விரித்து விளக்க ஆரம்பித்தார். சுவர், புல், நீரூற்று, விளக்கு. உபயதாரர் தலையாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். கைத்தட்டல் ஓய்ந்தபோது ஒரு 'சளக்' சத்தம். யாரும் கவனிக்கவில்லை.

"இந்த எடத்துலதான் நீரூற்று..." என்று அவர் கையை நீட்டியபோது, அவர் பேத்தி வயதுச் சிறுமி ஒருத்தி கத்தினாள்.

"அங்கிள், உங்க செருப்பு போகுது!"

போனது. ஒன்றன்பின் ஒன்றாக, சாமி ஊர்வலம் மாதிரி, நிதானமாக. ஓசைப்படாமல் உள்ளே வந்த தண்ணீர் முன் வரிசை சேர்களின் காலை நனைத்துவிட்டுக் கோலமாவுக் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாக வந்து நின்றது. சேலையைத் தூக்கிக்கொண்டு சிலர் எழுந்து ஓடினார்கள். குண்டன் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் செருப்பை மீட்டுக்கொண்டு வந்தான்.

அப்போதுதான் மேடம் எழுந்தார். மொத்தம் மூன்று நிமிஷம்தான் பேசினார்.

"இந்தத் தண்ணிக்கு இன்னிக்கு இந்த எடம் வேணும். மண்ணைக் கொட்டி மேடாக்கினா அது இல்லாமப் போயிடாது. பக்கத்துல எங்கே பள்ளமோ அங்கே போகும். நம்ம கார் ஷெட்டா இருக்கலாம். அப்புறம், கண்டல் மரம் இருக்கற எடமும் அலை வந்து போற எடமும் கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள்ள வருது. 1991லேர்ந்து இருக்கற சட்டம். கண்டலை வெட்டி, அனுமதி இல்லாம சுவர் கட்டினா நோட்டீஸ் யார் பேருக்கு வரும்?"

செகரெட்டரி ஸார் ரிடையர்டு அரசு அதிகாரி. 'நோட்டீஸ்' என்ற வார்த்தை செருப்பைவிட அதிகமாக அவரை நனைத்தது.

மேடம் இன்னொன்றும் சொன்னார். பக்கத்திலேயே சாந்தோம் பக்கம் இருக்கும் அடையாறு பூங்கா, அதாவது தொல்காப்பியப் பூங்கா, ஒரு காலத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டும் இடம். அந்த 58 ஏக்கரில் இடிபாட்டை அள்ளி, தண்ணீர் வந்துபோக வழி செய்து, இந்த மண்ணுக்குரிய செடிகளாகப் பார்த்து நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். செடியும் தண்ணீரும் வந்தபின் பறவைகள் தாமாக வந்தன. "அரசாங்கம் 58 ஏக்கர்ல செலவு பண்ணிக் கொண்டுவந்ததை, நாம நாலு கிரவுண்டுல செலவு பண்ணி அழிக்கப் போறோமா?"

கடைசியில் நான் எழுந்தேன். ஓட்டு இல்லை என்பது ஞாபகம் வந்து, கால் நடுங்கியது. "நாங்க ஞாயித்துக்கிழமை வர்றோம் ஸார். ஆறு மாசம் முடிஞ்சாலும் வர்றோம். தாத்தா மட்டும் இருக்கட்டும்" என்றேன். எழுதி வைத்து மனப்பாடம் செய்த மற்ற பாயிண்டெல்லாம் மறந்துவிட்டது.

தீர்மானம்: நீரூற்று ரத்து. வேலி பழுது பார்க்கப்படும். மழைநீர்க் குழாய் வாயில் குப்பை தடுக்க ஒரு கம்பி வலை. இரண்டாவது ஊஞ்சலுக்குச் சங்கிலி. தாத்தா தொடர்வார். பேச்சிலர்களுக்குத் தண்டனை ஒரு வருடமாக உயர்த்தப்படுகிறது! உபயதாரரின் இரண்டு லட்சம், பெயர் போட நீரூற்று இல்லாததால், இருபதாயிரமாகச் சுருங்கியது. பெஞ்சில் அவர் பெயர் இருக்கிறது. அழியாத பெயின்ட்.

டிசம்பர்

கண்டல் காட்டினால் எங்கள் காலனி வெள்ளத்திலிருந்து தப்பியது என்று முடித்தால் கதை ஜோராக இருக்கும். ஆனால் அது பொய்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. நாலு கிரவுண்டு மரம் ஒரு நகரத்தின் வெள்ளத்தை நிறுத்திவிடாது.

ஆனால் தண்ணீர் வடிந்தபின் பார்த்தோம். எங்களுக்கு அடுத்த மனையில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கியிருந்த கரை, காம்பவுண்டுச் சுவரோடு சேர்ந்து சரிந்து கிடந்தது. எங்கள் கரையில் ஒரு கூடை மண்கூட நகரவில்லை. வேர்கள் பிடித்து வைத்திருந்தன. கூடவே பதினோரு மூட்டை குப்பையையும் பிடித்து வைத்திருந்தன.

தாத்தாவைக் காணவில்லை. செல்போன் கிடையாது. குப்பத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் என்றார்கள். நாலாம் நாள் காலை வந்தார். கண் சிவந்து, குரல் கட்டிப்போய். வீட்டில் அரிசி, துணி எல்லாம் நனைந்துபோனதாம். நாங்கள் பதறிப்போய் டீ வாங்க ஓடினோம். திரும்பி வந்தால் ஆள் பெஞ்சில் இல்லை. சரிவில் குனிந்து, ஜூனில் நட்ட சுரபுன்னைக் கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதில் முப்பத்திரண்டு இருந்தன.

"பரவால்ல" என்றார். "எட்டுதான் போச்சு."

அன்று மாலையே அசோஸியேஷனில் அவருக்காக ஒரு வசூல் நடந்தது. முதல் கையெழுத்து செகரெட்டரி ஸார். தொகையைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

உங்கள் தெருவுக்கு

உங்கள் வீட்டுப் பக்கத்திலும் ஒரு ஏரிக்கரையோ, கால்வாயோ, குளமோ, ஓடையோ கட்டாயம் இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துகொண்டிருப்பீர்கள். ஒரு ஞாயிறு நின்று பாருங்கள். நாங்கள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்:

ஒன்று: எதையும் வெட்டுவதற்கு முன் அது என்னவென்று தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இரண்டு: கரையில் உதிர்ந்த இலையை விடுங்கள், பிளாஸ்டிக்கை எடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மூன்று: கரைக்குப் புல்தரையும் ராத்திரி முழுக்க எரியும் விளக்கும் வேண்டாம். பறவைக்கும் தூக்கம் வேண்டும். (எங்களுக்கும் ஒரு கைக்குழந்தை கற்றுக்கொடுத்த பாடம் இது.)

நான்கு: கண்ட இடத்தில் கன்று நடாதீர்கள். வெறும் சேறாகத் தெரியும் இடம்தான் உள்ளானுக்குச் சாப்பாட்டு மேஜை.

ஐந்து: கொசுவுக்குப் புதரைத் திட்டுவதற்கு முன் சொந்த பால்கனியைப் பாருங்கள்.

எங்கள் ஒரு வருடத் தண்டனைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மதுரைக்காரனுக்குக் கல்யாணமாகி வேளச்சேரி போய்விட்டான். மாதம் ஒரு ஞாயிறு வருகிறான், மனைவியோடு. குண்டன் எட்டு கிலோ இளைத்துவிட்டான். பட்டப்பெயரை மாற்ற மறுக்கிறான்.

அன்று ராத்திரி நாங்கள் எழுப்பிவிட்ட அந்தக் கைக்குழந்தை இப்போது ஓடுகிறான், பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் பார்க்கில் ஆஜர். செகரெட்டரி ஸார் விரலைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்பான். தண்ணீர் வடிந்து, வளைகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அந்தப் பெரிய கையை ஆட்ட ஆரம்பிக்கும்.

"தாத்தா, டாட்டா சொல்லுது!" என்று அவனும் பதிலுக்குக் கையை ஆட்டுவான். அது டாட்டா இல்லை, 'வா' என்று கூப்பிடுகிறது என்று அவனுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.